தாழ்ப்பாள்

"பொண்ணுங்க பாத்ரூம்ல உள்தாழ்ப்பாள் இல்லை சார். என் பொண்ணு அதுக்குப் பயந்து பகலெல்லாம் தண்ணியே குடிக்கிறதில்லை."

தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. இன்று மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து சொன்னார். பூ கட்டிய நார் இன்னும் விரலில் சுற்றியிருந்தது. குரல் நடுங்கியது, ஆனாலும் பதில் வரும்வரை உட்காரவில்லை.

அப்புறம்தான் மற்றவர்களுக்கும் வாய் வந்தது. சுவர் விரிசல், தொங்கும் ஒயர், கேட் பக்கம் நிற்கும் பைக் பையன்கள்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். கேட்கும் உரிமை நம் கையில் இருக்கிறது. கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.

நம் மாவட்டத்தில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் குடும்பங்கள் ஏராளம். பிள்ளைகள் ஆயாவிடம்தான் (பாட்டியிடம்தான்) இருக்கிறார்கள். அந்த ஆயாக்களையும் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். போனில் பேசும்போது மார்க் எவ்வளவு என்பதற்கு முன், "ஸ்கூல்ல யாராவது பயமுறுத்துறாங்களா கண்ணு?" என்று கேளுங்கள்.

சிறுவர் உதவிக்கு 1098. பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417. இரண்டையும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்.