கேரி கோல்மனின் பணம் எங்கே போனது?

வளர்ப்புப் பெற்றோர் மீதும் பழைய மேனேஜர் மீதும் அமெரிக்கக் குழந்தை நட்சத்திரமாக இருந்த கேரி கோல்மன் 1989ல் வழக்குப் போட்டார். தன் பெயரில் இருந்த 38 லட்சம் டாலர் டிரஸ்ட் பணத்தைக் கையாடிவிட்டார்கள் என்பது புகார். 1993ல் கலிஃபோர்னியா நீதிமன்றம் அவருக்கு 12.8 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. 1999 ஆகஸ்டில் ஆள் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார். 'சின்ன வயசிலேயே காசைப் பார்த்தவன், ஆடித் தீர்த்துட்டான்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கணக்கைப் பிரித்து வைத்துப் பார்த்தால் ஆட்டத்தில் பெரும்பங்கு அவருடையது இல்லை.

யார் இவர் என்று கேட்கும் தலைமுறைக்கு: 'டிஃபரண்ட் ஸ்ட்ரோக்ஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர். 1978 நவம்பரில் என்பிசி சேனலில் ஆரம்பித்து, கடைசி ஒரு சீசன் மட்டும் ஏபிசி சேனலுக்கு மாறி, 1986ல் முடிந்தது. 189 எபிசோட். நியூயார்க் பணக்காரர் ஒருவர் அதே ஊரின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த இரண்டு கறுப்பினச் சிறுவர்களைத் தத்தெடுத்து வளர்க்கும் கதை. அதில் இளையவன் ஆர்னால்டாக வந்தவர் கோல்மன். அண்ணனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி "வாட்சு டாக்கிங் பௌட், வில்லிஸ்?" ('என்ன பேசுறே, வில்லிஸ்?') என்பார், அமெரிக்கா முழுக்க அதையே சொல்லித் திரிந்தது. உச்சத்தில் சம்பளம் எபிசோடுக்கு 1 லட்சம் டாலர் வரை போனது.

நோயைச் சொல்லாமல் இவர் தொழிலைப் பற்றிப் பேசவே முடியாது. 1968 பிப்ரவரி 8ஆம் தேதி இல்லினாய் மாநிலத்தில் உள்ள சயான் நகரில் பிறந்தார், கைக்குழந்தையிலேயே தத்து. பிறவியிலேயே சிறுநீரகக் கோளாறு. வடிகட்டிகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தழும்பு விழுந்து, புரதம் சிறுநீரில் ஒழுகி, கடைசியில் சிறுநீரகமே கைவிடும் வகை. 1973லும் 1984லும் மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள், இரண்டுமே நிலைக்கவில்லை. சிறுநீரகச் செயலிழப்பே குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கும். அதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்துகள் எலும்பு நீள்வதை இன்னும் கட்டிப்போடும். அவர் உயரம் 4 அடி 8 அங்குலத்தில் நின்றுவிட்டது. கன்னம் உப்பி, முகம் குழந்தை முகமாகவே இருந்தது.

தொடருக்கு இது லாபம். ஆரம்பத்தில் எட்டு வயசு ஆர்னால்டாக நடித்தபோது அவருக்குப் பத்து. வசனத்தை எங்கே நிறுத்தி எங்கே போட வேண்டும் என்பதில் பெரியவர்களைத் தூக்கிச் சாப்பிடும் பையன் பார்க்க ஆறு வயசுக் குழந்தை மாதிரி இருந்தால் எந்தத் தயாரிப்பாளர் விடுவார்? ஆனால் தொடர் முடியும்போது அவருக்குப் பதினெட்டு. அப்போதும் பள்ளிக்கூடப் பையன் வேஷம்தான். மற்ற குழந்தை நட்சத்திரங்களுக்கு மீசை முளைத்தால் வேலை போகும். இவருக்கு முளைக்காததால் போனது. வளர்ந்த ஆள் வேஷம் யாரும் தரவில்லை.

படப்பிடிப்பு நாள் எப்படி இருக்கும் என்பதையும் பார்த்துவிடலாம். இன்றைய கலிஃபோர்னியா விதிப்படி 9 முதல் 15 வயசு வரையான பிள்ளை செட்டில் மொத்தம் 9 மணி நேரம் இருக்கலாம். அதில் 5 மணி வேலை, 3 மணி படிப்பு, 1 மணி ஓய்வு. பள்ளி நாளில் பத்துப் பிள்ளைக்கு ஒரு ஸ்டூடியோ ஆசிரியர் கட்டாயம். அவர் பாடம் நடத்த மட்டும் வருபவர் இல்லை. குழந்தைக்கு ஆகாது என்று பட்டால் வேலையை நிறுத்தும் அதிகாரமும் உண்டு. லைட் மாற்றும் இடைவெளியில் பிள்ளையை வகுப்புக்கு ஓட்டுவார்கள், இருபது நிமிஷம் கணக்குப் போட்டதும் மறுபடி கேமரா முன்னால். இந்த அட்டவணைக்குள், சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸைச் செருகிப் பாருங்கள். இயந்திரத்தில் என்றால் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். வயிற்றுவழி என்றால் தினம் நாலு தடவை, சுமார் அரை மணி நேரம் திரவத்தை வடித்து மாற்ற வேண்டும்; கை சுத்தமில்லாமல் குழாயைத் தொட்டால் வயிற்றுக்குள் சீழ் பிடிக்கும். ஓய்வுக்கென்று எழுதிய அந்த ஒரு மணி நேரம் இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஓய்வாக இருக்காது.

இனி பணம். ஒரு குழந்தை நடிகர் 100 டாலர் சம்பாதித்தால் என்ன ஆகும்? ஏஜென்டுக்கு 10, இதற்கு நடிகர் சங்கம் வைத்த உச்சவரம்பு உண்டு. மேனேஜருக்கு 15 முதல் 20 வரை. இதற்குச் சட்டத்தில் வரம்பே இல்லை, ஒப்பந்தத்தில் எழுதியதுதான் கணக்கு. வக்கீல், கணக்கர் தனி. 1980களின் முதல் பாதியில் உழைத்துச் சம்பாதித்த பணத்துக்கு மத்திய வருமான வரியே மேல் அடுக்கில் 50 சதவீதம். மாநில வரி அதற்கு மேல். குழந்தை பெயரில் ஒரு கம்பெனி தொடங்கி, அதில் அப்பா அம்மாவே சம்பளம் வாங்கும் ஊழியர்களாக உட்காருவதும் அந்த ஊரில் சகஜம். காகிதத்தில் எல்லாம் செலவுக் கணக்குதான். பிள்ளை கையெழுத்துப் போடுகிற வயசுக்கு வரும்போது கல்லா காலி.

இதைத் தடுக்கத்தானே சட்டம் இருந்தது என்று கேட்கலாம். இருந்தது, 1939 முதல். சாப்ளினோடு நடித்துப் புகழ்பெற்ற ஜாக்கி கூகன், சிறுவயதுச் சம்பாத்தியத்தைக் கேட்டு 1938ல் அம்மா மீதும் மாற்றாந்தகப்பன் மீதும் வழக்குப் போட்டார். சம்பாதித்தது 30 லட்சம் டாலருக்கு மேல் என்று மதிப்பு. கைக்கு வந்தது சுமார் 1.26 லட்சம். அந்த அவமானத்தில் பிறந்ததுதான் கூகன் சட்டம். (பிற்பாடு டிவியில் 'ஆடம்ஸ் ஃபேமிலி'யின் மொட்டைத்தலை ஃபெஸ்டர் மாமாவாக வந்தவரும் இவரேதான்.)

சட்டத்தில் ஓட்டை இருந்தது. ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் காட்டி ஒப்புதல் வாங்கினால் மட்டுமே, ஒரு பங்கை ஒதுக்கச் சொல்லி நீதிபதி உத்தரவு போட முடியும். 'நான் மைனர், இந்த ஒப்பந்தம் செல்லாது' என்று பிள்ளை பின்னால் கழன்றுகொள்ளக் கூடாது என்று தயாரிப்பாளர் பயந்தால்தான் நீதிமன்றம் போவார். போகாவிட்டால் சட்டம் எட்டிக்கூடப் பார்க்காது. அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று: மைனர் பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே சொந்தம் என்பது அன்றைய பொது விதி. பையன் நடிக்கிறான், சொத்து அப்பாவுடையது. கோல்மன் நடித்த எட்டு வருஷமும் இந்தச் சட்டத்தின் கீழ்தான்.

2000 ஜனவரி 1 முதல்தான் இது மாறியது. இப்போது பிள்ளை சம்பாதிப்பது பிள்ளையின் தனிச்சொத்து. நீதிமன்றம் போனாலும் போகாவிட்டாலும் மொத்தச் சம்பளத்தில் 15 சதவீதத்தை முதலாளியே நேராக 'கூகன் கணக்கு' என்ற டிரஸ்ட் கணக்கில் போட வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான 7 வேலை நாளுக்குள் பெற்றோர் கணக்கைத் திறக்க வேண்டும். 18 வயசு வரை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஒரு டாலர்கூட எடுக்க முடியாது.

நடைமுறையில் எங்கே சொதப்புகிறது என்றால், பெற்றோர் சாதாரண சேமிப்புக் கணக்கைத் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பூட்டிய கணக்கு இல்லை. கூகன் கணக்கு என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கணக்கு விவரத்தை முதலாளிக்கு எழுத்தில் கொடுக்க மறந்தால் பணம் ஒரு கட்டத்தில் நடிகர் நல நிதிக்குப் போய்விடும். வளர்ந்த பிறகு அங்கே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் நிற்கும் துணை நடிகப் பிள்ளைகளுக்கு இந்த 15 சதவீதம் பொருந்தாது. ஒதுக்கிய பணத்துக்கும் சேர்த்தே வரி என்பதால், மிச்சம் 85ல்தான் மொத்த வரியையும் கமிஷனையும் கட்டியாக வேண்டும். அந்த 85ம் சட்டப்படி பிள்ளையுடையதுதான், ஆனால் சாவி பெற்றோர் கையில். என்னைக் கேட்டால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார்கள். வீட்டிலேயே வீடியோ எடுத்து இணையத்தில் போடும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பங்கு ஒதுக்கும் சட்டத்தை இல்லினாய் 2024 ஜூலையில்தான் அமலாக்கியது. கலிஃபோர்னியாவும் அதே வருஷம் சட்டம் போட்டது.

'மறு ஒளிபரப்புக் காசு வருமே' என்பது அடுத்த சந்தேகம். வரும், ஆனால் தேய்ந்து தேய்ந்து. ஃபிலிமில் எடுத்த தொடர்களுக்கு நடிகர் சங்க ஒப்பந்தப்படி, பிற சேனல்களில் இரண்டாம் ஒளிபரப்புக்கு 40 சதவீதம், மூன்றாவதுக்கு 30, இப்படி இறங்கி 13ஆவது முதல் 5 சதவீதம். அதுவும் சங்கத்தின் குறைந்தபட்சக் கூலியில் சதவீதம்; நட்சத்திரம் வாங்கிய லட்சத்தில் இல்லை. உலகம் முழுக்க ஓடும் தொடரின் நாயகன் வாடகைக்குத் திண்டாடுவது இதனால்தான் சாத்தியம்.

கோல்மன் வேலைக்குப் போனார். செக்யூரிட்டி காவலராக இருந்தார். 1998ல் கடையொன்றில் ஆட்டோகிராஃப் கேட்டு வந்த ரசிகையோடு தகராறாகிக் கைநீட்டியதில் வழக்கு. நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையோடு முடிந்தது. பத்திரிகைகள் காவலர் சீருடையை வைத்தே வருஷக்கணக்கில் சிரித்தன. மாதச் சம்பளத்துக்கு ஒழுங்காக வேலைக்குப் போவதில் சிரிக்க என்ன இருக்கிறதோ. ரயில் பைத்தியம் அவர். வீட்டில் மாதிரி ரயில் பாதை போட்டு ஓட்டுவார், ரயில் மாடல் விற்கும் கடைகளில் பகுதிநேர வேலையும் பார்த்தார்.

2003ல் கலிஃபோர்னியா ஆளுநரைப் பாதியிலேயே பதவியிலிருந்து இறக்கி வேறொருவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். 3,500 டாலரும் 65 கையெழுத்தும் இருந்தால் யாரும் நிற்கலாம். ஒரு வாரப் பத்திரிகை கேலிக்காகப் பணம் கட்டி இவரை நிறுத்தியது. 135 வேட்பாளர்களில் எட்டாவதாக வந்தார், 14,242 ஓட்டு.

2005ல் ஒரு படத்துக்காக யூட்டா மாநிலத்துக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். 2007ல் கல்யாணம், 2008ல் விவாகரத்து. அதற்குப் பிறகும் இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். 2010 மே மாதம் வீட்டில் விழுந்து மண்டைக்குள் ரத்தக்கசிவு. 28ஆம் தேதி ப்ரோவோ மருத்துவமனையில் இறந்தார். வயசு 42. மிச்சமிருந்த சொத்துக்கு முன்னாள் மனைவி, தான் இன்னும் மனைவிதான் என்று உரிமை கோரினார். அவர்கள் சேர்ந்து வாழ்ந்த விதம் யூட்டா சட்டப்படி திருமணமாகாது என்று 2012ல் நீதிபதி சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முன்பே, 2005ல், பழைய தோழி ஒருவர் பெயரில் எழுதியிருந்த உயில்தான் செல்லுபடியானது.