வரத்துக்கால் யார் வேலை?

பள்ளியில் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) பொறுப்பு பார்த்தவரை யாரும் என்னைக் கேள்வி கேட்டதில்லை. பிளஸ் ஒன் பையன்களிடம் மண்வெட்டியைக் கொடுத்தால் போதும், மதியச் சாப்பாட்டுக்குள் ஊருணிக் கரையைச் செதுக்கி முடித்துவிடுவார்கள். கல்லூரியிலும் கணக்கு அதேதான்: இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம், கடைசியில் சான்றிதழ்.

காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் முகாம். பொருளியல் மாணவி ஒருத்தி, கொத்தனார் மகள், எங்கிருந்தோ ஒரு டியூப் லெவலை, அதாவது தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாயை, இரவல் வாங்கி வந்து, ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் உட்கார்ந்துவிட்டாள். மேலே ஒரு குச்சி, வேலி ஓரம் ஒரு குச்சி, இரண்டிலும் தண்ணீர் மட்டத்தைக் கரிக்கட்டியால் குறித்திருந்தாள். வேலியை உள்ளே தள்ளிப்போட்ட இடத்தில் மண் மேடிட்டு, வரத்துக்கால் ஒரு சாண் உயர்ந்து கிடந்தது.

“தண்ணி இங்கேயே திரும்பி ரோட்டுக்குப் போயிருது சார். ஊருணியை எவ்வளவு சுத்தம் பண்ணி என்ன?”

“யாரும்மா சொன்னா?”

“அந்த வீட்டு ஆச்சி சொன்னாங்க. அளந்தும் பாத்துட்டேன்.”

“அது பஞ்சாயத்து வேலை. நாம கரையைப் பாப்போம்.”

“அப்ப முகாம் ஊருக்கா, நமக்கா சார்?”

டீ வந்திருச்சு, போய்க் குடி என்றேன்.

வேலி யாருடையது என்று எனக்குத் தெரியும். அதைத் தொட்டால் வம்பு, நாங்கள் ஒரு வாரத்தில் பஸ் ஏறிவிடுவோம், ஆச்சி அங்கேயேதான் இருக்க வேண்டும். பிள்ளைகள் தங்கியிருந்ததும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான். நான் சொன்னதில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் சேவையைப் பாடத்தோடு இணைக்க வேண்டும், செய்ததை யோசித்து எழுத வைக்க வேண்டும் என்று கூட்டங்களில் பேசுகிறவனும் நான்தான். பொதுச் சொத்தை யார் பராமரிப்பது என்பது பொருளியலில் உள்ள கேள்வி, அவள் அதை மண்ணில் வைத்து அளந்து காட்டினாள், நான் டீ குடிக்க அனுப்பினேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வயசு போதாது, கல்லூரி என்பதால் கேட்கிறார்கள் என்று ரொம்ப நாள் சொல்லித் திரிந்தேன். அதுவும் இப்போது இடிக்கிறது. டியூப் லெவல் பிடிக்கக் கல்லூரியா சொல்லிக்கொடுத்தது? பிளஸ் ஒன்னிலும் கொத்தனார் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். நான் மண்வெட்டி கொடுத்த வேகத்தில் யார் வாயைத் திறப்பார்கள்?

அறிக்கையில் ‘ஊருணித் தூய்மைப் பணி’ என்றே எழுதினேன். அவள் அளந்த நேரத்தையும் மணிக்கணக்கில் சேர்த்துவிட்டேன். அடுத்த முகாமுக்கும் அதே ஊரில்தான் கூப்பிடுகிறார்கள், சரி என்றுதான் சொல்வேன். வேலிக்காரரிடம் பேசுவேனா, அது வேற விஷயம்.