பாஸ்வேர்டு கேட்காத வைஃபை: செம்பூர் நாட்குறிப்பு

ஜூன் 3

அக்காவுக்கு எடுத்த டெஸ்ட் ரிப்போர்ட் ஆஸ்பத்திரியிலிருந்து வர இரண்டு வாரம் ஆகுமாம். "மெசேஜில் லிங்க் வரும், அதில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்ன பெண் அக்காவின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மழை இன்னும் வரவில்லை. புழுக்கம்.

ஜூன் 4

மும்பை செம்பூரில் அக்காவின் இந்த வீட்டுக்குள் போன் சிக்னல் நிற்பதில்லை. பால்கனிக் கம்பியை ஒட்டி நின்றால் ஒரு கோடு வரும், திரும்பினால் போய்விடும். புது பிராட்பேண்டுக்குப் பணம் கட்டியாயிற்று. கேபிள்காரர் தினமும் "நாளைக்கு" என்கிறார்.

அக்கா பையன் எல்லாவற்றுக்கும் ஒரே வழி வைத்திருக்கிறான். வைஃபை பட்டியலில் மேலேயே நிற்கும், பூட்டுக்குறி இல்லாத ஒன்று. பெயர் வெறும் "ஹோம்". யாருடையது என்று கேட்டேன்.

"தெரியாது சித்தி. நாங்க குடிவந்ததிலிருந்தே இருக்கு."

அக்காவின் ஸ்கேன் படங்கள், ஆதார் நகல், இன்சூரன்ஸ் பாலிசி எல்லாம் இதன் வழியாகத்தான் போய் வந்திருக்கின்றன.

ஜூன் 5

தூக்கம் வரவில்லை. பயத்தை அளவோடு வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். கல்லூரி லேபில் இத்தனை வருஷமாக நெட்வொர்க் வேலை பார்ப்பவள் நானே பதறினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

2010இல் நிலைமை மோசம். அந்த அக்டோபரில் எரிக் பட்லர் என்பவர் ஃபயர்ஷீப் என்று ஒன்றை வெளியிட்டார். ஃபயர்ஃபாக்ஸில் அதைச் சேர்த்துக்கொண்டு, பூட்டில்லாத வைஃபை உள்ள ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தால் போதும். பக்கத்து மேசைக்காரர்களின் ஃபேஸ்புக் கணக்குகள் படத்தோடு வரிசையாக வந்து நிற்கும். ஒன்றை அழுத்தினால் அவராகவே உள்ளே போகலாம். பாஸ்வேர்டு தேவையில்லை. லாகின் ஆனபிறகு 'இவர் இன்னார்' என்று தளம் தரும் அடையாளச் சீட்டு, அதாவது குக்கீ, மறைப்பு எதுவும் இல்லாமல் காற்றில் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இதை எல்லோரும் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் அவர் அதை எழுதினார். அடுத்த சில வருஷங்களில் பெரிய தளங்கள் ஒவ்வொன்றாக, வழியில் யாரும் வாசிக்க முடியாதபடி தகவலை மறைத்து அனுப்பும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறின.

ஆக இன்றைக்கு பேங்க் பக்கத்தை யாரும் காற்றிலிருந்து அப்படியே வாசித்துவிட முடியாது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது பெரும்பாலும் இப்போதும் தெரியும். எந்த ஆஸ்பத்திரி, எந்த லேப், எந்த இன்சூரன்ஸ் கம்பெனி. அம்மாவிடம்கூட அக்கா இன்னும் சொல்லாத விஷயம். இந்த மூன்று பெயரை வரிசையாகப் பார்த்தாலே ஒருவர் ஊகித்துவிடலாம்.

அதைவிடப் பெரிய கவலை வேறு. "ஹோம்" வைஃபையைத் தரும் அந்த ரவுட்டர் பெட்டி யார் கையில் இருக்கிறது? எந்தத் தளத்தின் பெயருக்கு எந்த இணைய முகவரி என்று போனுக்குச் சொல்வது அதுதான். அது பொய் சொன்னால்?

ஜூன் 6

அக்கா இன்று இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

ஜூன் 7

கீழே சொசைட்டி செக்ரட்டரியைப் பார்த்தேன். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர். "ஹோம்" யாருடையது என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "நம்ம பில்டிங்கிலயா? 2008க்கு அப்புறமும் இப்படி விட்டுவைப்பாங்களா?" என்றார்.

எனக்கும் அது நினைவிருக்கிறது. ஆனால் இந்த ஊரில் உட்கார்ந்து கேட்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. 2008 ஜூலை 26, அகமதாபாத் குண்டுவெடிப்புகள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். வெடிப்பதற்குச் சில நிமிஷம் முன்பு டிவி சேனல்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது கிளம்பிய இணைய இணைப்பின் அடையாளமான ஐபி எண்ணைப் பிடித்துக்கொண்டு போலீஸ் போய் நின்ற இடம் நவி மும்பை சான்பாடாவில் ஒரு அமெரிக்கரின் வீடு. அவருடைய கம்ப்யூட்டர்களை எடுத்துப் போனார்கள், நாள்கணக்கில் விசாரித்தார்கள். அவர் வீட்டு வைஃபையில் பூட்டில்லை. வெளியிலிருந்து யாரோ அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். ஆகஸ்டில் அடுத்த மின்னஞ்சல் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் வைஃபையிலிருந்து போனது. செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்தது இதே செம்பூரில் ஒரு கம்பெனியின் வைஃபையிலிருந்து.

2009 ஜனவரியில் மும்பை போலீஸே தெருத் தெருவாகப் போய் பூட்டில்லாத வைஃபையைத் தேடப்போவதாக அறிவித்தது. "பேப்பர்ல பார்த்த அன்னிக்கே ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிச் சொன்னேன்" என்றார் செக்ரட்டரி. அன்றைக்கு இருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது இங்கே இல்லை.

ஐபி எண் சந்தாதாரரின் வீட்டு வாசலோடு நின்றுவிடும். அதற்குள்ளே எந்தப் போன், யார் கை என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. 2011இல் அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் ஒருவரின் வீட்டுக்குள் அதிகாலையில் அரசு அதிகாரிகள் துப்பாக்கியோடு நுழைந்தார்கள். குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசப் படங்களை இறக்கியவர் பக்கத்து வீட்டுக்காரர். தரையில் குப்புறப் படுக்கவைக்கப்பட்டவர் வைஃபைக்குப் பூட்டுப் போடாதவர்.

இரண்டு நாளாக எங்கள் வீட்டுக்கு என்ன ஆகும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். "ஹோம்" வீட்டில் இருப்பது யாரோ, அவர்களுக்கும் இதெல்லாம் நடக்கலாம்.

ஜூன் 9

பரேல் போய்வந்தோம். குர்லாவில் வண்டி மாறும்போது அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது பையன் போனில் ஏதோ வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. மேலே வைஃபை குறி. எட்டிப் பார்த்தேன், "ஹோம்".

செம்பூர் எங்கே, பரேல் எங்கே.

மந்திரம் ஒன்றுமில்லை. பூட்டில்லாத வைஃபையைப் போன் அடையாளம் வைத்துக்கொள்வது பெயரை வைத்துத்தான். அதே பெயரில், அதேபோலத் திறந்து கிடக்கும் எதைக் கண்டாலும் பழகிய இடம் என்று தானாக ஒட்டிக்கொள்ளும். அங்கே இருந்தது வேறு யாருடைய பெட்டியோ. கெட்ட எண்ணத்தோடு யாராவது "ஹோம்" என்று பெயர் வைத்து ஒரு பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு அந்தக் கூடத்தில் நடந்தாலும் இதேதான் நடந்திருக்கும். 2024இல் ஆஸ்திரேலியப் போலீஸ் ஒருவர்மீது இப்படித்தான் வழக்குப் போட்டது. விமான நிலையங்களிலும் விமானத்துக்குள்ளும் நிஜமான வைஃபையின் பெயரிலேயே ஒரு போலியை வைத்து, இணைந்தவர்களின் மின்னஞ்சல், பாஸ்வேர்டு விவரங்களை வாங்கினார் என்று குற்றச்சாட்டு.

அவன் போனை வாங்கி "இந்த நெட்வொர்க்கை மற" என்பதை அழுத்தினேன். கோபித்துக்கொண்டான்.

ஜூன் 10

அத்தான் இன்சூரன்ஸ் தளத்தைத் திறந்தார். சிவப்பாக ஒரு எச்சரிக்கை: இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல. போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இது போன வாரமும் வந்துச்சும்மா. கீழே 'தொடர்'னு இருந்துச்சு, அழுத்தினேன். உள்ள போயிருச்சு."

உள்ளே போனது எங்கே?

அவரைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. கிளெய்ம் நம்பர் வேண்டும், மறுநாள் அட்வான்ஸ் கட்ட வேண்டும், மனைவி உள்ளே படுத்திருக்கிறாள். அந்த நேரத்தில் ஒரு மனிதர் சிவப்பு எழுத்தையா வாசிப்பார்? எந்தப் பட்டன் வழியை விடுகிறதோ அதை அழுத்துவார். திருடனுக்கு எச்டிடிபிஎஸ்ஸை உடைக்கவேண்டிய அவசியமே இல்லை. அவசரத்தில் இருப்பவர் ஒருவர் கிடைத்தால் போதும். ஆஸ்பத்திரிக் கூடம் முழுக்க அப்படிப்பட்டவர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பால்கனியில் நின்று, போன் டேட்டாவிலேயே எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினோம். அத்தானின் பழைய பாஸ்வேர்டு இன்சூரன்ஸுக்கும் மெயிலுக்கும் ஒன்றே. மெயிலில் வேறு எந்தக் கருவியாவது லாகின் ஆகியிருக்கிறதா என்று பார்த்து எல்லாவற்றையும் வெளியேற்றினேன். பேங்க் கணக்கில் எதுவும் போகவில்லை. போயிருந்தால் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930 என்று சமையலறைக் காலண்டரில் பெரிதாக எழுதிவைத்திருக்கிறேன்.

ஜூன் 11

மழை.

ஜூன் 12

பையன் மறுபடி அதில் இணைந்திருக்கிறான். "எல்லாருந்தான் யூஸ் பண்றாங்க சித்தி. நான் எதையும் திருடலையே."

உட்காரவைத்துப் பேசினேன். 2006இல் சிங்கப்பூரில் அவன் வயதுப் பையன், பதினேழு. பக்கத்து வீட்டு வைஃபையில் இணைந்ததற்காக வழக்கு. அங்கே கம்ப்யூட்டர் துஷ்பிரயோகச் சட்டத்தில் அதற்கு மூன்று வருஷம் வரை சிறை உண்டு. வயதைப் பார்த்து 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்போடு விட்டார்கள். நம் ஐடி சட்டத்திலும் 43ஆம் பிரிவு அனுமதியில்லாமல் ஒருவரின் நெட்வொர்க்கில் நுழைவதைச் சொல்கிறது. கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம்.

"நான் கெட்ட எண்ணத்தோட செய்யலையே."

செய்யவில்லைதான். ஆனால் அதே நேரத்தில் அதே பெட்டியில் வேறொருவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று உனக்குத் தெரியுமா? நாளைக்கு யாராவது அந்தப் பெட்டியில் இணைந்தவர்களின் பட்டியலை எடுத்தால் உன் போனும் அவன் போனும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். எவன் எது செய்தான் என்று நீதான் நின்று விளக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் கேட்டான்: "அம்மாவுக்கு சரியாயிடுமா சித்தி?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

ஜூன் 13

லிங்க் வரவில்லை. அத்தான் போனைக் கையைவிட்டு வைப்பதே இல்லை.

ஜூன் 14

இதற்குமேல் பொறுக்க முடியாது. போனில் சிக்னல் அளக்கும் செயலியைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினேன். எங்கள் தளத்தில் மைனஸ் 70. மூன்றாவது தளத்தில் மைனஸ் 58. நான்காவதில் இடது பக்கக் கதவருகே மைனஸ் 41. பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பெட்டி பக்கத்தில் என்று அர்த்தம்.

கதவில் மாவிலைத் தோரணம். மணி அடித்தேன், திறக்கவில்லை. கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்றார் வாட்ச்மேன். சேடா நகர் முருகன் கோயிலாக இருக்கும்.

ஜூன் 15

பாலக்காட்டு மாமி. எழுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். மகன் கனடாவில். அவன் முகத்தைத் தினம் டேப்லெட்டில் பார்ப்பதற்காகத்தான் அந்தப் பெட்டி.

"பாஸ்வேர்ட் எழுதின காகிதம் தொலைஞ்சுபோச்சு. ஒவ்வொரு தடவையும் கேக்கறதுன்னு கேபிள்காரன்தான் அதை எடுத்துவிட்டான். இப்ப ஒரு தொல்லையும் இல்லை, கேட்டயா?"

தொல்லை என்ன என்று எப்படிச் சொல்வது? வயதானவரைப் பயமுறுத்தவும் கூடாது. அக்கா விஷயத்தைத் தவிர்த்து மற்றதைச் சொன்னேன். அவர் சம்மதத்தோடு உள்ளே போய்ப் பார்த்தேன். பெட்டியின் நிர்வாகப் பாஸ்வேர்டு தொழிற்சாலையில் வைத்ததேதான், பெட்டியின் அடியிலேயே அச்சடித்திருந்தது. இணைந்திருந்த கருவிகள் ஒரு பெரிய பட்டியல். மாமியிடம் இருப்பது ஒரே ஒரு டேப்லெட். மற்றவற்றில் சிலதுக்குப் பெயர்கூட இல்லை.

அடுத்து டிஎன்எஸ் பக்கம்: தளத்தின் பெயருக்கு முகவரி எது என்று பெட்டி யாரைக் கேட்க வேண்டும் என்பது இருக்கும் இடம். அங்கே இருந்த முகவரி சேவை நிறுவனத்துடையது அல்ல, எனக்குத் தெரிந்த எந்த நிறுவனத்துடையதும் அல்ல. யாரோ உள்ளே புகுந்து மாற்றியிருக்கிறார்கள். அத்தான் பார்த்த சிவப்பு எச்சரிக்கைக்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். இது புது வித்தையும் இல்லை. 2011இல் பிடிபட்ட டிஎன்எஸ்சேஞ்சர் கும்பல் இதே வேலையை நாற்பது லட்சம் கம்ப்யூட்டர்களில் செய்திருந்தது என்று எஃப்பிஐ சொன்னது. கேட்ட தளம் ஒன்று, கொண்டுபோய் விடுவது வேறொன்று.

கை நடுங்கியது. இணைந்த எங்களுக்கு மட்டும் அல்ல, மாமியும் இதே பொய்யான வழியில்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறார். பேங்க் வேலை எல்லாம் மகன் அங்கிருந்தே பார்த்துக்கொள்கிறான் என்றார். உயிர் வந்தது.

பெட்டியை முழுக்கப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, புது நிர்வாகப் பாஸ்வேர்டு, வைஃபைக்கு டபிள்யூபிஏ2 என்ற பூட்டு, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதிக்கும் பாஸ்வேர்டு தட்டாமலே இணைக்கும் டபிள்யூபிஎஸ் பட்டனுக்கும் தடை, பெட்டிக்குப் புதிய மென்பொருள், பெயர் மாற்றம். பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில் எழுதி பூஜை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினேன். அங்கிருந்து தொலையாது.

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்காத்துப் பையனுக்கு வேணும்னா நீயே போட்டுக் கொடு. கேட்டு வாங்கிண்டா என்ன?"

ஜூன் 16

இன்று மாலை மாடிப்படியில் வாட்ச்மேனின் மகள். பன்னிரண்டாவது படிக்கிறவள். போனை மேலே தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தீதி, ஹோம் வரமாட்டேங்குது. நாளைக்கு டெஸ்ட்" என்றாள் இந்தியில்.

அந்தப் பெயரில்லாத கருவிகளில் ஒன்று அவளுடையது.

நான் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பெட்டி அவளையும் சேர்த்துத்தான் ஏமாற்றிக்கொண்டிருந்தது. ஆனால் இதை அந்தப் பிள்ளையிடம் இந்தப் பரீட்சை இரவில் சொல்லி என்ன பயன்? நேரே மாமியிடம் கூட்டிக்கொண்டு போனேன். விருந்தாளிகளுக்கென்று தனி நெட்வொர்க் போட முடியும். அதில் வருகிறவர்கள் மாமியின் டேப்லெட்டைத் தொட முடியாது, அதற்கும் பாஸ்வேர்டு உண்டு, யார் யாருக்குக் கொடுத்தோம் என்பது மாமிக்குத் தெரியும். மாமி அவளிடம் பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டார். அடுத்தாற்போல எங்கள் பையன் பெயர்.

ஜூன் 17

கேபிள்காரர் வந்தார். வயர் போதவில்லை, நாளைக்கு வருகிறாராம்.

அக்காவுக்குக் காய்ச்சல்.

ஜூன் 18

காலையில் அத்தான் போனுக்கு ஒரு மெசேஜ். "உங்கள் ரிப்போர்ட் தயார்", கீழே லிங்க். அனுப்பியவர் பெயர் ஆஸ்பத்திரி பெயரைப் போலவே இருக்கிறது, ஒரு எழுத்து மட்டும் இடிக்கிறது. அத்தானின் விரல் அதன் மேலேயே இருந்தது. பையன்தான் கையைப் பிடித்தான்: "அப்பா, இருங்க."

ஆஸ்பத்திரி ஃபைல் அட்டையில் இருந்த எண்ணுக்குப் பால்கனியில் நின்று கூப்பிட்டோம். அவர்கள் எதையும் அனுப்பவில்லையாம். ஆனால் ரிப்போர்ட் நிஜமாகவே வந்துவிட்டதாம். போனில் சொல்லமாட்டார்களாம், டாக்டர் பதினொரு மணிக்கு நேரில் வரச்சொல்கிறார்.

அக்கா புடவை மாற்றிக்கொண்டிருக்கிறாள். அத்தான் டாக்சி பிடிக்கப் போயிருக்கிறார். மீதியை வந்து எழுதுகிறேன்.