காஸ்ட் செய்த வரியில் பிழை வராது, அதுதான் சிக்கல்

ஜாவாவில், ஜேசன் தரவைப் படித்துத் தரும் லைப்ரரியான ஜாக்சனிடம், வகை எதுவும் குறிப்பிடாமல் ஒரு ஜேசன் ஆப்ஜெக்டைக் கொடுத்தால் பெயரும் மதிப்புமாக ஒரு மேப் கிடைக்கும். அதிலுள்ள ஐடி பட்டியலை லாங் லிஸ்ட்டாகக் காஸ்ட் செய்தால், அதாவது 'இது லாங் லிஸ்ட்தான், நம்பு' என்று சொன்னால், கம்பைலர் 'அன்செக்டு' (சோதிக்க முடியாதது) என்று ஒரு வார்னிங் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஓடும்போதும் அந்த வரி அமைதியாகக் கடந்துவிடும். ஆனால் உள்ளே இருப்பவை லாங்கைவிடச் சிறிய எண் வகையான இன்டிஜர்கள். இன்ட்டுக்குள் அடங்கும் எண்ணை ஜாக்சன் லாங் ஆக்குவதில்லை.

லிஸ்ட்டுக்குள் என்ன வகை என்று குறிக்கும் ஜெனரிக்ஸை 2004இல் ஜாவா 5 கொண்டுவந்தபோது, பழைய கோடும் கூடவே ஓட வேண்டுமென்று, கம்பைல் ஆனதும் அந்த வகையை அழித்துவிடும் இரேஷர் முறையை எடுத்துக்கொண்டார்கள். ரன்டைமில் லாங் லிஸ்ட்டும் வெறும் லிஸ்ட். லாங் என்ற தகவல் அங்கே இல்லை. ஆகவே காஸ்ட் 'இது லிஸ்ட்டா?' என்று மட்டுமே பார்க்கிறது. உறுப்பை எடுத்து லாங் மாறியில் போடும் இடத்தில்தான் கம்பைலர் நிஜமான சோதனையைச் செருகி வைத்திருக்கும். வகை பொருந்தவில்லை என்ற பிழையான கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் அங்கே வெடிக்கும். ஸ்டாக் ட்ரேஸ் காட்டுவது ஒரு பாவமும் அறியாத வரியை.

வெடித்தால்கூடப் பரவாயில்லை. அதே லிஸ்ட்டில் கன்டெய்ன்ஸ் மெத்தடுக்கு லாங் 5 கொடுத்துப் பாருங்கள்: இன்டிஜர் 5 உள்ளே இருந்தும் ஃபால்ஸ் என்றே வரும், ஏனென்றால் லாங்கும் இன்டிஜரும் ஈக்வல்ஸ் ஆகாது. பிரின்ட்எல்என் போட்டால் 5 என்று அழகாக அச்சாகும். பிழை எங்கே என்று தேடுவது உங்கள் பாடு.

இந்த இடத்தில் காஸ்ட்டே வேண்டாம். வேண்டிய முழு வகையைச் சொல்லும் டைப்ரெஃபரன்ஸ் கொடுத்து ஜாக்சனையே சரியான வகையில் உருவாக்கச் சொல்லலாம். மேப்தான் கையில் இருக்கிறது என்றால், ஒவ்வொரு உறுப்பையும் எண் வகைகளுக்குப் பொதுவான நம்பர் ஆகக் காஸ்ட் செய்து, லாங்வேல்யூ எடுத்துப் புது லிஸ்ட்டில் போடுங்கள். மற்ற வகைகளுக்கு, கிளாஸ் ஆப்ஜெக்டின் காஸ்ட் மெத்தடால் ஒவ்வொன்றாகச் சோதித்து நகலெடுக்கலாம். ஒரு லூப்பின் செலவுதான்.

அன்செக்டு காஸ்ட் நியாயமாகும் இடங்களும் உண்டு. ஜாவாவின் கலெக்ஷன்ஸ் கிளாஸிலுள்ள எம்ப்டிலிஸ்ட் மெத்தட் ஒரே காலி லிஸ்ட்டை எல்லா வகைக்கும் காஸ்ட் செய்து தருகிறது. எதுவும் உள்ளே போக முடியாததால் தவறவும் வழியில்லை. ஜெனரிக் கிளாஸுக்குள் ஆப்ஜெக்ட் அரேயை டி அரேயாக (டி என்பது பின்னர் தீர்மானமாகும் வகையின் பெயர்) காஸ்ட் செய்து பிரைவேட் ஃபீல்டில் வைத்துக்கொள்வதும் சரி. அந்த அரேயையே வெளியே ரிட்டர்ன் செய்தால், ஸ்ட்ரிங் அரே என்று நம்பி வாங்குகிறவர் தலையில் அதே எக்ஸெப்ஷன் விழும்.

வார்னிங்கை அடக்கும் சப்ரஸ்வார்னிங்ஸ் அனோட்டேஷனை கிளாஸ் மேல் போடுவது சோம்பேறித்தனம். நாளை சேரும் புது காஸ்ட்டையும் அது மறைத்துவிடும். ரிட்டர்ன் வரிமேல் அனோட்டேஷன் ஒட்டாது. அதனால் ஒரு லோக்கல் மாறியை அறிவித்து அதன்மேல் போட்டு, ஏன் பாதுகாப்பு என்று ஒரு வரி கமெண்ட் எழுதுங்கள். அந்தக் கமெண்ட்டை எழுத வரவில்லையென்றால் காஸ்ட்டும் பாதுகாப்பானதல்ல.

தவறான உறுப்பை யார் போடுகிறார்கள் என்று பிடிக்க, லிஸ்ட் பிறக்கும் இடத்திலேயே கலெக்ஷன்ஸின் செக்டுலிஸ்ட்டில் சுற்றிக் கொடுங்கள். ஆட் செய்யும் வரியிலேயே மாட்டும். ஏற்கெனவே உள்ளே போய்விட்டதை மட்டும் அது கண்டுகொள்ளாது.