மழை இல்லாத இரவில் ஈரச் செருப்பு

எங்கள் இறுதியாண்டுக் குறும்படம் 12 நிமிட த்ரில்லர். அதில் முதல் மூன்று நிமிடத்தை மட்டும் ஒன்பது இரவாக எடிட் செய்துகொண்டிருந்தேன். இயக்கம் என் வகுப்புத் தோழி. படம் பிடித்தது மந்தைவெளியில், அவள் பெரியம்மா குடியிருக்கும் பழைய அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில்.

காட்சி இதுதான். ராத்திரி பத்தரைக்கு வேலை முடிந்து ஒருத்தி படியேறி வருகிறாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு கைப்பையில் சாவியைத் துழாவுகிறாள். செருப்பைக் கழற்றுகிறாள், பூட்டைத் திறக்கிறாள், விளக்கைப் போட்டுப் பால் காய்ச்சுகிறாள். குப்பையை வெளியே வைக்கக் கதவைத் திறக்கும்போதுதான் தன் செருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடியைப் பார்க்கிறாள். ஆண்கள் போடும் ரப்பர் செருப்பு. ஊரில் மழையே இல்லை, அது மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. அங்கே படத்தின் பெயர் விழும்.

தாளில் படித்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது. எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் ஷாட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. வேகம் போதவில்லை என்று நினைத்தேன். சாவி, கண், பூட்டு, கை, மறுபடி கண் என்று நறுக்கிக்கொண்டே போனதில் 2 நிமிடம் 50 வினாடிக்குள் 61 கட் வந்துவிட்டது. அடியில் உறுமுகிற மாதிரி ஒரு இசையும் போட்டேன். தோழி பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அவ வீட்டுக்கு வர்றா, அவ்ளோதான்டி தெரியுது.”

நடுவில் தொழில்நுட்பத் தொல்லைகள் வேறு. கேமராவில் நொடிக்கு 25 ஃபிரேம் எடுத்திருந்தோம். சமையலறையில் இடம் போதாமல் சில ஷாட்டுகளைப் போனில் எடுத்தார்கள், அது 30 ஃபிரேம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் வெளிச்சத்தில் போன் ஷட்டர் அதோடு ஒத்துப்போகாததால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடியது. இரண்டு ஷாட்டை அப்படியே தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

ஆறாவது ராத்திரி அம்மா காபி கொண்டுவந்தாள். திரையில் தற்செயலாகக் கடைசி ஷாட், அந்த ஈரச் செருப்பு, நின்றிருந்தது. “யாரோடதுடி இது?” என்றாள். “வீட்டுக்குள்ள ஒருத்தன் இருக்கான்மா, அவளுக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து ஓட்டினேன். அவள் சாவியைத் துழாவத் தொடங்கியதுமே அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். விளக்கு சுவிட்சைப் போடுகையில் “அய்யோ, உள்ள போறாளே” என்றாள். பால் பொங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதே 61 கட்தான். ஒரு ஃபிரேம்கூட மாற்றவில்லை.

மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டு பற்றி 1962இல் த்ரில்லர் இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் சொன்னதை நான் தேர்வில் ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன். குண்டு திடீரென்று வெடித்தால் பார்க்கிறவருக்குப் 15 வினாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்கூட்டியே காட்டிவிட்டால் 15 நிமிடம் பதற்றம். எழுதியபோது புரியாதது, அம்மாவின் பிடியில் என் மணிக்கட்டு வலித்தபோது புரிந்தது.

அன்றைக்கே செருப்பை முதல் ஷாட்டாக்க முயன்றேன். உடனே ஒரு முட்டுக்கட்டை: முடிவுக்காக எடுத்த ஷாட் என்பதால் அதில் அவள் செருப்பும் பக்கத்திலேயே கிடந்தது. அவள் இன்னும் வந்தே சேரவில்லையே! நல்லவேளை, 4கே-யில் எடுத்திருந்தோம், டைம்லைன் 1080; அதாவது எடுத்த படம் அகலத்திலும் உயரத்திலும் தேவையைவிட இரண்டு மடங்கு பெரியது. படத்தை இரண்டு மடங்கு வரை பெரிதாக்கினாலும் தெளிவு குறையாது. பெரிதாக்கி அவள் ஜோடியை ஃபிரேமுக்கு வெளியே தள்ளினேன். ஈர ரப்பரும் தரையில் பரவும் தண்ணீரும் மட்டும் மிஞ்சின. 4 வினாடி. நாங்கள் திட்டமிட்ட ஷாட்டைவிட இதுவே நன்றாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நறுக்கல் எதுவும் தேவைப்படவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மிச்சத்தை நீளவிட்டேன். பால் காய்ச்சுவது ஒரே ஷாட், 22 வினாடி. அவள் முதுகுக்குப் பின்னால் படுக்கையறைக் கதவு பாதி திறந்திருக்கிறது. பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும், நான் எங்கேயும் இழுத்துக் காட்ட வேண்டாம். மொத்தம் 19 ஷாட், 1 நிமிடம் 52 வினாடி.

அந்த உறுமல் இசையையும் நீக்கிவிட்டேன். படப்பிடிப்பன்று எல்லாரையும் அசையாமல் நிற்கவைத்து அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்திருந்தோம். மின்விசிறியின் ‘டக் டக்’கும் ஃபிரிட்ஜின் முனகலும் அதில் இருந்தன. அவள் பாலை ஆற்றும்போது ஃபிரிட்ஜ் சத்தத்தை மட்டும் சட்டென்று நிறுத்தினேன். வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்ததே, நிற்கும்போதுதான் நமக்கு உறைக்கும். அவளும் ஒரு கணம் தலையைத் தூக்குகிறாள். உண்மையில் அது படப்பிடிப்பில் நடிகைக்கு யாரோ வசனம் எடுத்துக் கொடுத்த தருணம். இங்கே அது வேறாகிவிட்டது.

வலித்தது படிக்கட்டு ஷாட்டுக்குத்தான். 42 வினாடி, 11 டேக். ஒளிப்பதிவு செய்த நண்பன் சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு பின்பக்கமாகவே படியேறினான், இன்னொருவன் அவன் இடுப்பைப் பிடித்து வழிநடத்தினான். ஆனால் செருப்பைப் பார்த்துவிட்டவருக்கு மனம் கதவடியில் இருக்கிறது, படியில் 42 வினாடி பொறுக்காது. 9 வினாடி வைத்தேன். அவனிடம் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. “முதல் மாடித் திருப்பமாவது இருக்கா?” என்று மட்டும் கேட்டான். இருக்கிறது. அதற்காகவே அந்த 9 வினாடியைத் தேர்ந்தெடுத்தேன்.

இன்னும் ஒரு சத்தம் பாக்கி. செருப்பிலிருந்து தண்ணீர் சிமெண்ட் தரையில் சொட்டுவது. இணையத்தில் எடுத்தவை எல்லாம் குழாய் ஒழுகுவது போலவே கேட்கின்றன. நாளை ராத்திரி தெரு அடங்கிய பிறகு நாங்களே பதிவு செய்யப்போகிறோம். அப்பாவின் பழைய ரப்பர் செருப்பை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறேன்.