ஜான் ஆபிரகாமும் நம் கல்லூரிச் சின்ன ஹாலும்

நம் பழைய மாணவர் மலருக்கு விடுதிச் சாப்பாடு பற்றியும் கிரிக்கெட் பற்றியும் நிறையப் பேர் எழுதுவீர்கள், எழுதுங்கள், நான் ஜான் ஆபிரகாம் பற்றி எழுதுகிறேன். இந்தி நடிகர் இல்லை. அதே பெயரில் அவருக்கு முன்பே வாழ்ந்து, 1987இல் கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து இறந்துபோன இயக்குநர். முழுநீளப் படம் என்று அவர் எடுத்தவை நான்குதான். மூன்று மலையாளம், ஒன்று தமிழ். அந்த ஒரு தமிழ்ப் படத்தை, ‘அக்ரஹாரத்தில் கழுதை’யை, நம்முடையது என்று நாம் உரிமையோடு சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நம் திரைப்படச் சங்கம் உங்களுக்கு நினைவிருக்கும். சின்ன ஹால், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, 16 மி.மீ. ப்ரொஜெக்டர். ஒரே மெஷின் என்பதால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டுவார்கள், அதற்குள் பின்வரிசையில் சண்டையே ஆரம்பித்துவிடும். ‘அக்ரஹாரத்தில் கழுதை’யைப் போட்ட அன்றைக்கு முதலில் ஒரே சிரிப்புதான். தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்று கல்லூரிப் பேராசிரியர் வீட்டுக்கு வந்து சேர்கிறது, அவர் விரட்டாமல் வளர்க்கிறார், மாணவர்கள் கேலி செய்கிறார்கள், கல்லூரி நிர்வாகம் கண்டிக்கிறது. நம் பையன்கள் படத்திலிருக்கும் மாணவர்களோடு சேர்ந்தே சிரித்தார்கள். குட்டியை அவர் தன் கிராமத்து அக்ரஹாரத்துக்குக் கொண்டுபோய், வாய் பேசாத உமாவிடம் ஒப்படைத்த பிறகு சிரிப்பு மெல்ல மெல்ல நின்றுபோனது. ஊரில் எது நடந்தாலும் பழி கழுதை மேல். உமாவின் இறந்து பிறந்த குழந்தை கோயில் வாசலில் கிடக்க, அதற்கும் கழுதைதான் காரணம் என்று அடித்தே கொன்றுவிடுகிறார்கள். அப்புறம் ஊரில் நல்லது நடக்க ஆரம்பித்ததும் அதே ஜனம் அதைக் கும்பிடுகிறது, கோயில் கட்டப் போகிறது!

ஜானுடைய நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது என்று எனக்குப் புரிந்தது அங்கேதான். முதலில் சிரிக்க வைத்து நம்மைக் கூட்டத்தில் ஒருவனாக நிற்க வைத்துவிடுகிறார், பிறகு அந்தக் கூட்டம் என்னவெல்லாம் செய்யும் என்று காட்டுகிறார், அதற்குள் நம்மால் விலகி நிற்க முடியாது. கடைசியில் ஊர் தீப்பற்றி எரியும்போது பாரதியின் அக்கினிப் பாட்டு ஒலிக்கும். படத்தை எழுதியவர் விமர்சகர் வெங்கட் சாமிநாதன். பேராசிரியராக நடித்தவர் எம்.பி. ஸ்ரீனிவாசன், சென்னையில் மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழுவை உருவாக்கிய அதே இசையமைப்பாளர், தொழில்முறை நடிகரே இல்லை. அந்தத் தயக்கமான நடையும் மெதுவான பேச்சும் வேறு யாருக்கும் வந்திருக்காது. 1977ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. இருந்தும் 1989இல் ஒளிபரப்புவதாக இருந்த தூர்தர்ஷன் எதிர்ப்புக்குப் பயந்து கைவிட்டது. இவ்வளவு நல்ல படம் இவ்வளவு குறைவான தமிழர் கண்ணில் பட்டிருப்பது எனக்கு இன்னமும் ஆறாத வருத்தம்.

மற்ற மூன்றையும் பிற்பாடு தேடித்தான் பார்த்தேன். ‘செரியச்சன்டெ க்ரூர க்ருத்யங்கள்’ (1979) படத்தில் கேரளத்துக் குட்டநாட்டு நிலச்சுவான்தார் செரியச்சனாக அடூர் பாசி. நமக்கு நாகேஷ் எப்படியோ மலையாளிகளுக்கு அவர் அப்படி. போலீஸ் விவசாயிகளைக் கொல்வதைப் பார்த்துவிட்ட செரியச்சனுக்குப் பயம் தொற்றிக்கொள்கிறது, குற்றம் தன்னுடையதே என்பது போல ஒளிகிறார், கடைசியில் தென்னை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். ஒரு காமெடியன் மரம் ஏறினால் தியேட்டர் சிரிக்க வேண்டும், ஆனால் அந்த முகத்தில் இருக்கும் பயத்தைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது.

முதல் படம் ‘வித்யார்த்திகளே இதிலே இதிலே’ (1972) பள்ளிக்கூடக் கதை. பிள்ளைகள் விளையாடும்போது பள்ளியை நிறுவியவரின் சிலை உடைந்துவிடுகிறது, அதைச் சரிசெய்யப் பிள்ளைகளே பணம் திரட்ட வேண்டும். படமாக மற்றவற்றுக்கு ஒரு படி கீழேதான், சரி. ஆனால் பிற்காலத்தில் ஜானும் அதையேதான் செய்தார். பூனா திரைப்படக் கல்லூரியில் வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்கிடம் படித்தவர், அதற்கு முன் எல்.ஐ.சி. வேலையில் இருந்தவர், 1984இல் நண்பர்களோடு ‘ஒடேஸா’ என்ற குழுவை ஆரம்பித்து, ப்ரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைப் போட்டுக் காட்டி, ஜனங்கள் கொடுத்த சில்லறையையும் நோட்டையும் சேர்த்து ‘அம்ம அறியான்’ (1986) எடுத்தார். இறந்துபோன தபலா கலைஞன் ஒருவனின் செய்தியை அவன் தாயிடம் சொல்லப் போகும் நண்பர்களின் பயணம் அது, ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஆள் சேர்ந்து கூட்டம் பெருகிக்கொண்டே போகும். கழுதையை அடித்த கூட்டத்துக்கு ஜான் சொன்ன பதில் இந்தக் கூட்டம்தான் என்று நினைக்கிறேன்.

நம் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் வருடா வருடம் பாட்டுக் கச்சேரியும் பஃபேவும் போடுகிறோம். அடுத்த முறை ஒரு மதியத்தை ‘அக்ரஹாரத்தில் கழுதை’க்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், அவர்களுக்கு ஆங்கில சப்டைட்டில் வேண்டும். திரையிட அனுமதி கேட்டு எழுதுவது, ஹால் வாடகை இரண்டும் என் பொறுப்பு. படம் முடிந்ததும் பேச ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள், பின்வரிசைக்காரர்கள் இன்னும் மாறியிருக்க மாட்டார்கள்.