பழைய டிவிடி, வேறு கணினி: தக்கலையில் ஒரு விண்டோஸ் 7 மீட்பு

குமரி மாவட்டத்தில் ஐப்பசி மழை இடியும் மின்னலுமாகத்தான் வரும். போன ஐப்பசியில் விழுந்த ஒரு இடியில், தக்கலையில் சித்தப்பா நடத்தும் டிடிபி சென்டரின் கணினி செத்துப்போனது. பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தோம், ரேமை மாற்றிப் பார்த்தோம், அசையவில்லை. மதர்போர்டு போய்விட்டது. நல்லவேளையாக ஹார்டு டிஸ்க் தப்பியது.

நேரமும் சரியில்லை. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3இல் முடியும். அதை ஒட்டி அந்தப் பக்கமெல்லாம் நோட்டீஸ், அழைப்பிதழ், வாழ்த்து போஸ்டர் என்று அச்சு வேலை குவியும். அதற்கு முன் எல்லாம் ஓட வேண்டும்.

சித்தப்பா நம்பியிருந்தது கணினியோடு கம்பெனி கொடுத்த டிவிடியை. விண்டோஸ் 7 புரொபஷனல், 32 பிட், சர்வீஸ் பேக் 1 சேர்ந்தது. "மக்கா, டிஸ்க் பத்திரமா இருக்குல்லா. வேற பெட்டி வாங்கி இதையே போட்டிரலாம்லா?" என்றார்.

புது விண்டோஸ் போடலாமே என்று கேட்பவர்களுக்கு: அவருடைய வேலை முழுக்க பேஜ்மேக்கர் 7இல் இருக்கிறது. அது 2001இல் வந்த மென்பொருள். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள், அவற்றுக்கென்று டைப்ரைட்டர் முறையில் அடிக்கும் ஒரு கீபோர்டு மென்பொருள், 32 பிட் டிரைவர் (கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) மட்டுமே கிடைத்த ஒரு லேசர் பிரிண்டர் எல்லாம் அதோடு சேர்ந்தவை. இதில் ஒன்றை மாற்றினால் நான்கையும் மாற்ற வேண்டும். திருவிழா சீசனில் அது நடக்கிற காரியமில்லை.

சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்ல, கம்பெனி போட்டுத்தரும் விண்டோஸ் எப்படி ஆக்டிவேட் ஆகிறது, அதாவது தனக்கு உரிமம் இருப்பதை எப்படி உறுதி செய்துகொள்கிறது என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. விண்டோஸ் 7 காலத்தில் பெரிய கம்பெனிகளின் கணினிகளில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். மதர்போர்டின் பயாஸுக்குள், அதாவது கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரலுக்குள், எஸ்எல்ஐசி என்ற ஒரு சிறிய அட்டவணை இருக்கும். டிவிடியில் அந்தக் கம்பெனியின் சான்றிதழ் கோப்பு இருக்கும். கூடவே அந்தக் கம்பெனி தன்னுடைய கணினிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பயன்படுத்தும் ஒரு கீ. மூன்றும் சேர்ந்தால் இன்டர்நெட் இல்லாமலே ஆக்டிவேட் ஆகிவிடும். கேபினட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள 25 எழுத்து கீ வேறு. அது அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது.

ஆக, டிவிடி என்பது வெறும் ஊடகம்தான். உரிமம் அந்தப் பெட்டியோடு போகிறது. கடையில் தனியாக விற்கும் ரீடெயில் விண்டோஸை பழைய கணினியிலிருந்து எடுத்துவிட்டு வேறொன்றில் போடலாம். கம்பெனி போட்டுத்தந்ததை அப்படி மாற்ற உரிமம் இடம் தராது. வாரண்டியில் அந்தக் கம்பெனியே மதர்போர்டை மாற்றித் தந்தால் உரிமம் தொடரும். சித்தப்பாவின் கணினிக்கு வாரண்டி முடிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

இதற்குள் தம்பி ஒருவன் தன்னுடைய புது அசெம்பிள் கணினியைக் கொண்டுவந்து வைத்தான். ஆக்டிவேட் ஆகாது என்று சொன்னேன். ஆனாலும் சித்தப்பா கண்ணால் பார்த்தால்தான் மனம் ஆறுவார். காலியான ஒரு டிஸ்க்கை மாட்டி டிவிடியை ஓட்டினோம். முதல் திரை வந்ததும் மவுஸும் கீபோர்டும் நின்றுவிட்டன. விண்டோஸ் 7 டிவிடியில் யூஎஸ்பி 3.0 டிரைவர் கிடையாது. இன்டெல் பிராசஸரின் ஆறாம் தலைமுறையிலிருந்து வந்த போர்டுகளில் யூஎஸ்பி முழுவதும் அந்த 3.0 கன்ட்ரோலர் வழியாகத்தான் போகிறது. அதனால் எந்தப் போர்ட்டில் செருகினாலும் பயனில்லை. அந்த டிரைவரை இன்ஸ்டால் கோப்புகளுக்குள் சேர்த்து, பென் டிரைவில் ஏற்றி மறுபடி ஓட்டியபோது இன்ஸ்டால் முடிந்தது. ஆனால் டிஸ்பிளே டிரைவர் இல்லை. வால்பேப்பர் கறுத்து, இந்த விண்டோஸ் அசல் அல்ல என்ற வரி வலது மூலையில் வந்து நின்றது. அசெம்பிள் போர்டில் அந்த எஸ்எல்ஐசி அட்டவணை இல்லை, அவ்வளவுதான். சில கம்பெனிகளின் ரெக்கவரி டிஸ்க் இந்த அளவுக்குக்கூட வராது. இது எங்கள் கணினி இல்லை என்று தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

"ஒரு லோடர் போட்டா சரியாயிரும்" என்று பக்கத்தில் ஒருவர் யோசனை சொன்னார். லோடர் செய்வது இதுதான்: விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே புகுந்து, இல்லாத அந்த அட்டவணை இருப்பதுபோல் காட்டும். உரிமம் இல்லாத விண்டோஸ் என்பது ஒரு பக்கம். பூட் ஆகும் இடத்தில் யாரோ எழுதிய நிரலை உட்கார வைத்துவிட்டு, ஊர்க்காரர்கள் நம்பிக் கொடுக்கும் ஆதார் நகலையும் சான்றிதழ்களையும் அதே கணினியில் ஸ்கேன் செய்வதா? எனக்கு மனம் ஒப்பவில்லை. சித்தப்பாவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மிச்சமிருந்த வழி, அதே கம்பெனியின் பழைய கணினி ஒன்றை வாங்குவது. சொந்தமாக விண்டோஸ் 7 புரொபஷனல் உரிமத்தோடு வந்ததாக அது இருக்க வேண்டும். அப்படியிருந்தால் உரிமம் அந்தப் பெட்டியுடையது. நம் டிவிடி இன்ஸ்டால் செய்ய மட்டும்.

நாகர்கோவிலில் அலுவலகங்களிலிருந்து வரும் பழைய டெஸ்க்டாப்களை விற்கும் கடைகளில் தேடினோம். லினக்ஸ் மின்ட் (பென் டிரைவிலிருந்தே ஓடும் ஒரு இலவச இயங்குதளம்) ஏற்றிய ஒரு பென் டிரைவை எடுத்துப் போயிருந்தேன். இதை எல்லோருக்கும் சொல்வேன்: செகண்ட் ஹேண்ட் கணினி வாங்கப் போகும்போது அது கையில் இருக்கட்டும். கடையிலேயே அதிலிருந்து பூட் செய்து, பயாஸ் தரும் அட்டவணைகள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தால் போதும். எஸ்எல்ஐசி என்ற பெயரில் கோப்பு இருந்தால் கம்பெனி கணினி. எம்எஸ்டிஎம் என்று ஒரு கோப்பு இருந்தால் விண்டோஸ் 8 முதல் வந்த முறை. அதில் அந்த ஒரு கணினிக்கான தனி கீயே போர்டுக்குள் இருக்கும். டிஸ்க்கின் ஆரோக்கியத்தையும் ரேமின் அளவையும் அப்படியே பார்த்துக்கொள்ளலாம். கடைக்காரர் ஒன்றும் கோபிக்கவில்லை. "நல்லாப் பாத்து எடுங்க அண்ணே" என்று அவரே மானிட்டரை மாட்டிக் கொடுத்தார்.

நாலாம் தலைமுறை ஐ5, கேபினட்டில் விண்டோஸ் 7 புரொபஷனல் ஸ்டிக்கர் கிழியாமல் இருந்த ஒன்று கிடைத்தது. எஸ்எல்ஐசியும் இருந்தது. ஸ்டிக்கரில் ஹோம் பிரீமியம் என்று இருந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டோம். பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பழைய டிஸ்க்கிலிருந்து கோப்புகளை எடுத்ததும் அதே மின்ட்டில்தான். லினக்ஸில் திறந்தால் விண்டோஸின் பெர்மிஷன் தொல்லை இல்லை. பேஜ்மேக்கர் கோப்புகள், படங்கள், முக்கியமாக எழுத்துரு ஃபோல்டர் முழுவதையும் எடுத்தோம். ஒரு எழுத்துரு விட்டுப்போனாலும் பத்து வருடக் கல்யாணப் பத்திரிகைகள் புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் வைத்த பிறகே இன்ஸ்டால் பக்கம் போனோம்.

அது சட்டென்று முடிந்தது. புது சாட்டா எஸ்எஸ்டி மாட்டி, பயாஸில் லெகசி பூட் (பழைய முறையில் தொடங்குவது) வைத்து, கீபோர்டையும் மவுஸையும் நீல நிற 3.0 போர்ட்டில் இல்லாமல் கறுப்பு யூஎஸ்பி போர்ட்டில் செருகினோம். டிவிடி கீ கேட்கவே இல்லை. டெஸ்க்டாப் வந்ததும் ரன் பெட்டியில், உரிம நிலையைக் காட்டும் எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையை டிஎல்வி சேர்த்துக் கொடுத்துப் பார்த்தால், ஓஇஎம் எஸ்எல்பி சேனல் (கம்பெனி போட்டுத்தரும் வகை), உரிமம் பெற்றது என்று காட்டியது. நெட் கேபிள் அதுவரை மாட்டவே இல்லை. சித்தப்பா கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற டிரைவர்களை வேறு கணினியில், கம்பெனியின் தளத்தில் கணினியின் சீரியல் எண்ணைக் கொடுத்து இறக்கிக்கொண்டோம். பிரிண்டர் முதல் தாளிலேயே சரியாக அடித்தது.

நெட் கேபிளை இன்றுவரை மாட்டவில்லை. விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14இல் நிறுத்திவிட்டது. பாதுகாப்பு ஓட்டைகளுக்கு இனி திருத்தம் வராது. அதனால் அந்தக் கணினி அச்சு வேலைக்கு மட்டும். மெயில், வாட்ஸ்அப், ஸ்கேன் எல்லாம் தம்பியின் கணினிக்குப் போய்விட்டன. பென் டிரைவை அங்கே வைரஸ் ஸ்கேன் செய்த பிறகுதான் இங்கே செருகுவது. டிவிடியும் கீறல் விழுந்து போய்விடலாம் என்பதால் ஐஎஸ்ஓ நகல் (முழு டிவிடியும் ஒரே கோப்பாக) எடுத்து, எஸ்எஸ்டியின் இமேஜோடு, அதாவது அதன் முழு நகலோடு, வைத்திருக்கிறோம்.

இது நிரந்தர ஏற்பாடு இல்லை என்று சித்தப்பாவுக்கும் தெரியும். புது வேலைகளை யூனிகோடில் செய்து பழகத் தொடங்கியிருக்கிறார். தமிழ் 99 விசைப்பலகை விரலுக்கு வர நாளாகும். திருவிழா வேலைகள் ஓய்ந்ததும் பழைய பத்திரிகைகளில் அடிக்கடி கேட்கப்படுபவற்றை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினோம். கொடை விழா நோட்டீஸ்கள் முடிந்துவிட்டன, இப்போது கல்யாணப் பத்திரிகைகள் நடக்கின்றன.